தும்பிக்கை வைத்த லை

பஜாரில் ஒருவர் ஏணி மேல் நின்று கடைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். கீழே நாலைந்து பேர் வந்த வேலையை மறந்து அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். பால் வாங்கப் போன பையன் தூக்குவாளியோடு நிற்பான். சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு வந்தவர் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார். ‘க’ எழுதி இணைக்கொம்பும் போட்டாயிற்று, இனி வரப்போவது ‘கடை’யா ‘கலை’யா என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் இப்படி எங்கோ ஓர் ஏணிக்குக் கீழே நின்ற ஞாபகம் இருக்கும். நான் ஏணிக்கு மேலே நின்றவன். என் முதுகுக்குத்தான் அந்த ஆட்களைத் தெரியும். நாற்பத்தைந்து வருஷமாகத் தூரிகையைக் கீழே வைக்காமல் எப்படி இருக்கிறீர்கள் என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்கும்போது, எனக்கு முதலில் நினைவுக்கு வருவது படமோ பாராட்டோ இல்லை, முதுகுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்ற அந்தக் கூட்டம்தான்.

1979-ல், பதினாலு வயதில், புளியங்குடியில் எங்கள் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன். மதுரையிலிருந்து தென்காசி போகிற மெயின் ரோட்டில், எலுமிச்சங்காய் மண்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு பத்தடி அறை. உள்ளே நுழைந்தால் ஆளி விதை எண்ணெய், டர்பன்டைன், வஜ்ஜிரப் பசை, மேலே பல்லி எச்சம், எல்லாம் கலந்த ஒரு வாடை. வெளியே வந்தால் எலுமிச்சை வாசம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வாலிபம் கழிந்தது என்று சொன்னால் தப்பில்லை. ஒரு வருஷம் முழுக்கத் தூரிகை கழுவவும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், நூலில் காவிப்பொடி தடவி இழுத்துப் பிடித்து ‘டப்’பென்று விட்டுக் கோடு அடிக்கவும் மட்டும்தான் விட்டார். அந்த ‘டப்’ சத்தத்தோடு சுவரில் நேர்கோடு ஒன்று பிறந்து நிற்கும்போது வந்த சந்தோஷம், பின்னால் இருபதடி பேனரில் எம்.ஜி.ஆர். முகத்தை முடித்து இறங்கியபோதுகூட வந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்த நேரம் எழுத்தே மாறிக்கொண்டிருந்த நேரம். 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார எழுத்துகள், ணை, லை, ளை, னை என்று மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் புது உருவத்துக்கு வந்தன. உங்களுக்கு அந்தப் பழைய ‘லை’ ஞாபகம் இருக்கிறதா? யானை தும்பிக்கையைத் தூக்கியது போலத் தலைக்கு மேல் சுருண்டு வளைந்து நிற்கும். மாஸ்டர் அதை எழுதுகிறபோது மட்டும் கை மணிக்கட்டிலிருந்து எழும்பாது, தோளிலிருந்தே எழும்பும். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை அது. தூரிகை ஒரே மூச்சில் கீழிருந்து மேலே போய், சுழித்து, நின்ற இடம் தெரியாமல் நிற்கும். கீழே நிற்கிற கூட்டம் அந்த ஓர் எழுத்துக்காகவே காத்திருக்கும்.

அந்த எழுத்து போனது அவருக்கு ஒரு பல் விழுந்தது மாதிரி. ஆனால் அதே ஆணைதான் எங்களுக்கு இரண்டு வருஷம் சோறு போட்டது. பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடை என்று ஒவ்வொரு போர்டாக இறக்கி, தும்பிக்கையைச் சுரண்டிவிட்டு இணைக்கொம்பு போட்டுத் திரும்ப மாட்டினோம். தனக்குப் பிரியமான எழுத்தைத் தன் கையாலேயே அழித்துக் கூலி வாங்கிக்கொண்டு வந்த மனுஷர், மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகச் சாக்பீஸை எடுத்துத் தரையில் பத்துத் தடவை பழைய ‘லை’யை எழுதினார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

“யாருக்கு மாஸ்டர் இது? இனிமே யாரும் கேக்க மாட்டாங்கள்ளா?”

“கேக்கிறவனுக்கு எழுதுறது கூலிலே. இது கைக்கு. கை மறந்திரக் கூடாதுல்லா.”

அவர் இருந்தவரைக்கும் அதை நிறுத்தவில்லை. காலையில் பத்து ‘லை’, பிறகு டீ, பிறகு வேலை. மழையானாலும், வீட்டில் சாவானாலும், முந்தின நாள் எவனோ காசு தராமல் ஏமாற்றியிருந்தாலும், பத்து ‘லை’. மனசு சரியில்லாத அன்றைக்குக் கோணலாக வரும். கோணலைப் பார்த்து, “இன்னைக்கு முகம் எழுத வேண்டாம், அடிக்கலர் மட்டும் குடு” என்பார். தன் நிலைமையைத் தெரிந்துகொள்ள அவருக்கு வேறு கண்ணாடி தேவைப்படவில்லை.

சுவரில் ஆணியடித்து அவர் மாட்டியிருந்ததெல்லாம் காலண்டர் படங்கள். எல்லாம் கோவில்பட்டிக் கை. சி. கொண்டையராஜுவின் பெயரைத் தெரியாதவர்கள்கூட அவர் எழுதிய முருகனையும் லட்சுமியையும் பார்த்துக் கும்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். 1898-ல் பிறந்து, சென்னையில் ஓவியம் படித்து, கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகத் திரைச்சீலை எழுதிக்கொண்டு அலைந்தவர். நாற்பதுகளில் கம்பெனி கலைந்துபோனபோது கோவில்பட்டியில் நின்றுவிட்டார். கம்பெனி கலைந்தால் திரைச்சீலை எழுதுகிறவனுக்கு என்ன வேலை? அங்கேயே தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஒன்றைத் தொடங்கினார். பிறகு பக்கத்துச் சிவகாசியில் வண்ண அச்சு பெருகியபோது, மேடைக்குப் பின்னால் தொங்கிய அதே மாளிகைத் தூண்களும் மலைகளும் தாமரைக் குளங்களும் கடவுள்களுக்குப் பின்னால் போய் நின்று, காலண்டராகி, வீடு வீடாக நுழைந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்களின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்து படத்தின் அடியில் இருக்கும். 1976-ல் அவர் மறைந்தபோது எனக்குப் பதினொரு வயது. என் வீட்டுச் சுவரில் இருந்த சரஸ்வதி அவருடைய சரஸ்வதி என்பது எனக்குத் தெரியாது.

நாடகம் போனது, திரைச்சீலை போகவில்லை, தாளில் ஏறிக்கொண்டது. இதை மாஸ்டர் ஒரு நாளும் விளக்கிச் சொன்னதில்லை. படத்தைக் காட்டி, “அந்தத் தூணைப் பாரு, அது சீன் துணித் தூண்” என்பார், அவ்வளவுதான். எனக்கு அதன் அர்த்தம் விளங்க இருபத்தைந்து வருஷம் ஆனது.

சாரல் தொடங்கினால் ஒரு நாள் கடைக்கு லீவு. முதல் பஸ்ஸில் குற்றாலம். அருவியில் குளித்து, தலை துவட்டாமல், நேரே சித்திர சபைக்குக் கூட்டிப்போவார். நடராசருக்கு ஐந்து சபைகள், மற்ற நான்கிலும் சிலையாக நிற்கிறவர் இங்கே மட்டும் சித்திரமாக ஆடுகிறார் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த பெருமை. ஆனால் ஓவியக்காரனுக்கு அது வேறு மாதிரிப் பெருமை. ஈரத் துண்டோடு, உள்ளே இருட்டுக்குக் கண் பழகும்வரை பேசாமல் நிற்போம். மெல்ல மெல்ல மூலிகைப் பச்சையும் காவிச் சிவப்பும் சுவரிலிருந்து வெளியே வரும். “எழுதினவன் பேரு எங்கயாச்சும் இருக்கா பாரு” என்பார். தேடுவேன். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே திருமலாபுரத்துக் குடைவரையில், பாண்டியர் காலத்து ஓவியம் ஆயிரம் வருஷம் தாண்டியும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் கூட்டிப்போய் இதையே கேட்டார். ஒவ்வொரு போர்டின் வலது மூலையிலும் என் பெயரோடு ‘ஆர்ட்ஸ், புளியங்குடி’ என்று சின்னதாகப் போடுவதற்காகவே தொழிலுக்கு வந்த அந்த வயதில், அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று புரியாமல், கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற பையனை இப்போது நினைத்தால் எனக்கு அவன் மேல் பிரியமாக இருக்கிறது.

எண்பதுகள் எங்கள் கல்யாண காலம். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, பசை பூசி, சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிசாகத் துணியில் போட்டு, ஒரு கட்டத்தில் மூக்கின் பாதி, அடுத்த கட்டத்தில் மீதி என்று நகர்ந்து நகர்ந்து ஒரு முகத்தைக் கண்டுபிடிப்போம். ஆமாம், கண்டுபிடிப்புதான் அது. துணிக்கு ஓரடி தூரத்தில் நிற்கிறவனுக்கு முகம் தெரியாது, நிறம்தான் தெரியும். ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தால்தான் ஆள் தெரியும். அந்த வேலையையும் பின்னால் நிற்கிற கூட்டமே செய்துவிடும். “அண்ணாச்சி, இடது கண்ணு கொஞ்சம் ஏறிட்டுல்லா” என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு அது சரியாகவே இருக்கும். சென்னையில் 1957-ல் ‘வணங்காமுடி’ படத்துக்கு மோகன் ஆர்ட்ஸ் 80 அடி உயரத்தில் சிவாஜிக்குக் கட் அவுட் வைத்த கதையை மாஸ்டர் புராணம் போலச் சொல்வார். எம்.எஃப். உசேன் பம்பாயில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்தவர் என்றும், பத்திரிகையில் நாம் பார்த்த அழகான பெண்களை எழுதிய மாருதி, புதுக்கோட்டையிலிருந்து பேனர் எழுதவே சென்னைக்குப் போனவர் என்றும் பின்னால் நானாகத் தெரிந்துகொண்டபோது, அந்தப் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னாலும் யாரோ ஒரு டீக்கடைக்காரர் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

தேர்தல் வந்தால் சுவருக்கு அடிதடி. தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே வெள்ளை அடித்து, கட்சிப் பெயரையும் வருஷத்தையும் மூலையில் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நீலமும் வஜ்ஜிரமும் கலந்து எழுதுவோம். அவித்த முட்டையும் பரோட்டாவும் சுவருக்கே வரும். ஒரே சுவரின் இந்தப் பக்கம் உதயசூரியன், அந்தப் பக்கம் இரட்டை இலை, இரண்டும் என் கைதான். எழுதுகிறபோது ஒருவனும் என்னிடம் நீ எந்தக் கட்சி என்று கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷின் வந்து வண்டி நம்பர் போனது. 2003 வாக்கில் ஃபிளெக்ஸ் வந்தது. சாயங்காலம் போட்டோவைக் கொடுத்தால் மறுநாள் காலையில் இருபதடிக்குச் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மூக்கு மூக்காகவே இருக்கிறது, இடது கண் ஏறுவதில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு தியேட்டரில், பாதி முடித்த பேனரைச் சட்டத்தோடு பின்வாசலில் சாத்தி வைத்துவிட்டு, “இதுக்கு மேல வேண்டாம்” என்று சொன்னார்கள். பாதி முகம். அந்தத் துணியை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுத் தொழுவத்துக்கு மறைப்பாகக் கட்டினேன். இரண்டு மழைக்காலம் அந்த ஒற்றைக் கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு வாசலில் வைத்ததும் ஃபிளெக்ஸ்தான், அதில் அவள் அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அது பிறப்பதை யாரும் நின்று பார்க்கவில்லை. மூடிய அறையில் ஒரு மெஷின் அதைத் துப்புகிறது. தயாராகிவிட்ட படம்தான் ஊருக்கு வருகிறது. எழுத்து எழுத்தாக ஒரு பெயர் உருவாவதைக் காத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பத்து நிமிஷம், பஸ்ஸைத் தவறவிடத் தகுந்த அந்தப் பத்து நிமிஷம், பஜாரிலிருந்து காணாமல் போய்விட்டது. எனக்குக் கூலி போனதைவிட ஊருக்கு அது போனது பெரிய நஷ்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலையில்லாத அந்த இரண்டு வருஷமும் மண்டியில் எலுமிச்சங்காய்ச் சாக்குக்கு மார்க் போட்டேன். கேரளாவுக்கு லாரி ஏறுகிற சாக்குகளில், மைக்கட்டையைத் தொட்டு, கடை அடையாளமாக இரண்டு எழுத்து. ஒரு நாளைக்கு முந்நூறு சாக்கு என்றால் அறுநூறு எழுத்து. அங்கேதான் விவசாயிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோடையில் பழத்துக்கு அடிதடி. மழைக்காலத்தில் பறிக்கிற கூலிக்கே கட்டாத விலை. மூட்டையைக் கொண்டுவந்து, விலையைக் கேட்டு, ஒன்றும் பேசாமல் டீ குடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் தோட்டத்தில் பார்த்தால் மரத்தடியில் பாத்தி கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஒரு பெரியவரிடம் கேட்டேவிட்டேன்.

“விலையே இல்லியே பெரியவரே, இதுக்குப் போயா இம்புட்டுப் பாடு?”

“விலை இல்லாட்டா மரத்துக்குத் தண்ணி வேண்டாமாய்யா?” என்றார் அவர், மண்வெட்டியை நிறுத்தாமலே.

மறுநாள் காலையில், மாஸ்டர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் கழித்து, முதல்முறையாக என் வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் பத்துத் தும்பிக்கை ‘லை’ எழுதினேன். பத்தும் கோணல். ஒரு மாசம் கோணலாகவே வந்தது. யார் கேட்டார்கள் என்று எழுதவில்லை. தண்ணீர் விட்டேன்.

வேலை திரும்பி வந்தது, பழைய உடுப்பில் இல்லை. கோயில் கொடைக்குச் சுதைப் பொம்மைகளுக்கு வர்ணம், பள்ளிக்கூடச் சுவர்களில் பழம், பறவை, வாய்ப்பாடு, இந்தியப் படம். 2020 ஊரடங்கில் ரோட்டு நடுவில் முட்கள் முளைத்த சிவப்புக் கொரோனா ஒன்றை முப்பதடிக்கு எழுதினேன். ஆளற்ற மெயின் ரோட்டில் முட்டி போட்டு எழுதிய அந்த நாளில், முதல்முறையாகப் பின்னால் யாருமே இல்லை, இரண்டு போலீஸ்காரர்களைத் தவிர. அவர்களும் தூரத் தூரமாக நின்றார்கள். அதில் ஒருவர்தான், “அண்ணாச்சி, அந்த ஓரத்து முள்ளு ஒண்ணு விட்டுப்போச்சு” என்று கத்திச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழும்பிப் போய் அந்த முள்ளைப் போட்டேன்.

போன வருஷம் ஒரு மண்டியிலிருந்து ஆள் வந்தது. தாத்தா காலத்துத் தேக்குப் பலகை போர்டு. பேரன் இப்போது கடையைப் பார்க்கிறார். “புதுசா லைட் போர்டு வைக்கப் போறோம், ஆனா விலைப் பலகைய மட்டும் பழசையே சரி பண்ணிக் குடுங்க” என்றார். மேலே ‘இன்றைய விலை’ என்று பெயிண்டில் இருக்கும். கீழே கறுப்புப் பூசிய இடத்தில் தினமும் சாக்பீஸால் தொகை எழுதுவார்கள். மேலே இருப்பது 1988-ல் நான் எழுதியது. என் எழுத்தை நானே அடையாளம் கண்டுகொண்டேன். இளமையில் எழுதியது, ஒவ்வொரு எழுத்துக்கும் தேவைக்கு மேல் நிழல் கொடுத்திருந்தேன். வெயிலில் பெயிண்ட் பொக்கு விட்டிருந்ததால் முழுக்கச் சுரண்டத்தான் வேண்டும். ஓலைப்பாயை விரித்து, பலகையைக் கிடத்தி, தகடு வைத்துச் சுரண்டினேன். என் நீலம் போனது. அடியில் ஒரு மஞ்சள் வந்தது. மஞ்சளுக்கு நடுவில், கருஞ்சிவப்பில், ஒரு வளைவு.

தும்பிக்கை.

தகட்டைக் கீழே வைத்துவிட்டு நனைத்த துணியால் துடைத்தேன். மாஸ்டர் 1978-க்கு முன்னால் எழுதிய ‘லை’ முழுசாக வெளியே வந்தது, கீழிருந்து மேலே ஒரே மூச்சாக. 1988-ல் இதற்கு மேலேதான் நீலம் அடித்து என் எழுத்தை எழுதியிருக்கிறேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேரனும் மண்டியில் சாக்கு தைக்கிற பையனும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். “இது என்ன எழுத்து தாத்தா? தமிழா?” என்றான் பையன். சொன்னேன். பேரன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “இத மட்டும் இப்பிடியே வச்சுக்கிட முடியுமா?” என்றார்.

மற்ற எழுத்துகளை எல்லாம் இன்றைய உருவத்தில், நிழல் இல்லாமல், பளிச்சென்று எழுதினேன். கடைசி எழுத்துக்கு மட்டும் புதுக் கோடு அடிக்கவில்லை. சிவப்பைக் குழைத்துக்கொண்டு, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, தோளை விட்டு, அவர் போன வழியே மேலேறிச் சுழித்து நின்றேன். வலது மூலையில் பெயர் போடவில்லை.

பலகையை மறுநாள் காலையில் மாட்டினார்கள். நான் ரோட்டைத் தாண்டிப் போய் டீக்கடையில் நின்று பார்த்தேன். வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி இரண்டு மூட்டையோடு வந்தார். ‘இன்றைய விலை’ என்ற எழுத்தை நிமிர்ந்து பார்த்தார். கண் எங்கும் தடங்கவில்லை. கீழே பேரன் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்த தொகையை, ஒவ்வோர் எண்ணாக, முடிகிறவரைக்கும் நின்று படித்துவிட்டு, மூட்டையின் வாயை அவிழ்த்தார்.